தேயிலையின் ‘தே’யில் தொடங்குங்கள்: ஸ்பானிஷ் எழுத்துகளை நம் வாயில் ஏற்றும் வழி

எங்கள் வீட்டில் முதன்முதலாகத் தங்கிய ஸ்பெயின்காரத் தம்பதிக்கு ஒரே காலையில் மூன்று தடவை பால் காய்ச்சிக் கொடுத்தேன். ப்ளேன்டீ போதுமா என்று கேட்டதற்கு இருவரும் தலையாட்டி “பாலே, பாலே” என்றார்கள். பால்தான் வேண்டுமாம் என்று ஒரு கோப்பை கொண்டுபோனேன். இன்னும் வேண்டுமா என்றேன். மறுபடியும் “பாலே”. மூன்றாவது கோப்பையைப் பார்த்ததும் அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. அவர்கள் சொன்னது ‘சரி, சரி’. எழுதினால் வி, ஏ, எல், ஈ. எழுத்து வி, வாயில் வருவதோ பஸ்ஸில் வரும் ப.

அன்று மாலையே மகனை அனுப்பி ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். அந்தக் கொப்பியில் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் 22 வருடம் வேலை செய்தவள். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனதும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அ, ஆ சொல்லிக் கொடுப்பேன். இப்போது டவுனுக்கு மேலே மகன் கட்டிய வீட்டில் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுகிறோம். நான் ஸ்பானிஷ் பேசுவேன் என்று பெருமை அடிக்க மாட்டேன். ஆனால் எந்த ஸ்பானிஷ் சொல்லை எழுதிக் காட்டினாலும் வாய்விட்டுப் படித்துவிடுவேன். அந்த அளவுக்கு வர எனக்கு ஒரு சீசன் போதுமாக இருந்தது. ஆங்கிலத்தைப் போல எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று என்று ஸ்பானிஷ் அலைக்கழிக்காது. சில விதிகள்தான், அவற்றைப் பிடித்துக்கொண்டால் பொருள் தெரியாமலேயே படிக்கலாம்.

விதிகளைச் சொல்லித் தந்தவர் வலென்சியாவிலிருந்து வந்த ஒரு டீச்சர். லிப்டன் சீட்டில் சூரிய உதயம் பார்க்க வந்தவர், இரண்டு நாளும் பனிமூட்டம் விலகாததால் என் குசினியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதில் எனக்குச் சரிவராததை விட்டுவிட்டு, தமிழ் வாய்க்கு எது வசதியோ அந்த வரிசையில் மாற்றிக்கொண்டேன்.

முதலில் ஆங்கிலத்தை ஓரமாக வையுங்கள். எழுத்துகள் பார்க்க ஆங்கிலம் போலவே இருப்பதால் நாம் டீ, டி என்று நாக்கை மடக்கப் பார்ப்போம். ஸ்பானிஷில் ட கிடையவே கிடையாது. ஆங்கில டீ எழுத்தின் பெயர் அங்கே ‘தே’. அவர்கள் குடிக்கிற தேநீரும் தே. எழுதும்போது மேலே ஒரு சாய்கோடு போடுவார்கள், ஒலி அதேதான். தேயிலையிலும் தேத்தண்ணியிலும் இருக்கிற அதே தே. சீனாவின் ஃபூஜியன் கரையில் ‘தே’ என்பார்கள். அங்கிருந்து கப்பலேறிய சொல். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட நாளிலிருந்து கொழுந்தோடு கிடக்கிற நமக்கு இந்த எழுத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தக்காளி ‘தொமாத்தே’. ரயில் ‘த்ரென்’. இவற்றை டொமேட்டோ, ட்ரெயின் பழக்கத்தில் ட போட்டுச் சொல்லாமல் பத்துத் தடவை சொல்லுங்கள். பால் தேத்தண்ணி ‘தே கொன் லெச்சே’. லெச்சே என்றால் பால். இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் மூன்று கோப்பை மிச்சம்.

ஆங்கிலத்தில் சி-க்கு அடுத்து வரும் டி எழுத்தும் அப்படித்தான், பல்லில் தொடுகிற த. ஆனால் சொல் தொடக்கத்தில் ‘பந்து’ என்னும்போது வரும் கனத்த த. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் ‘அது’ என்னும்போது வரும் இளகிய த. ‘நாதா’ என்றால் ஒன்றுமில்லை. அதில் அது-வின் த. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதற்காகத் திண்டாடுவார்களாம். நமக்குப் பிறந்ததிலிருந்து வாயில் இருக்கிறது. ஜீ எழுத்தும் அதே கதை: தொடக்கத்தில் ‘தங்கம்’ என்பதன் க, நடுவில் ‘பகல்’ என்பதன் க. தண்ணீருக்கு ‘அகுவா’ என்கிறபோது பகலை நினைத்துக்கொண்டால் சரியாக வரும்.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் எழுத்தில் க, த, ப ஒவ்வொன்றுக்கும் பல ஒலிகள் உண்டு. அதனால் தமிழில் எழுதி வைத்த ஸ்பானிஷை அப்படியே நம்பக் கூடாது. பாலில் வரும் ப-வா, பஸ்ஸில் வரும் ப-வா என்று கொப்பி ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் கனத்த ஒலிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டேன்.

அடுத்தது உயிரெழுத்து. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு சொல்லித் தந்த எனக்கு ஐந்து என்றதும் சிரிப்பு வந்தது: அ, எ, இ, ஒ, உ. குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறாது. அழுத்திச் சொல்கிற இடத்தில் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். ஆனால் சுலபம் என்று அலட்சியமாக இருந்தால் நம் பேச்சுப் பழக்கம் மூன்று இடத்தில் காலை வாரும். எலியை ‘யெலி’ என்றும் ஒன்றை ‘வொன்னு’ என்றும் சொல்கிறோம் இல்லையா, அந்த யகரமும் வகரமும் இங்கே கூடாது. ‘எஸ்பாஞோல்’ என்பதை ‘யெஸ்பாஞோல்’ ஆக்கக் கூடாது. அப்புறம், பத்து, அது என்று கடைசி உகரத்தைப் பாதியில் விழுங்குகிறோம். ஸ்பானிஷில் உ எங்கே வந்தாலும் உதட்டைக் குவித்து முழுதாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது, பையன், அவன் என்பவற்றின் கடைசி ன்-ஐ மூக்கில் விட்டுவிடும் பழக்கம். பாண் அவர்களிடம் ‘பன்’. நாக்கு நுனி மேலே தொட்டு முடிய வேண்டும்.

பாண் என்றதும் ஞாபகம் வருகிறது. 1505இல் வந்த போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன சொற்கள் வீடு முழுக்க இருக்கின்றன. போர்த்துக்கீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி மாதிரி என்பதால் அந்தச் சொற்களே பாடப்புத்தகம் ஆகும். மேசை அவர்களிடம் ‘மெஸா’. வாங்கு ‘பாங்கோ’. சப்பாத்து ‘ஸபாத்தோ’. குசினி ‘கொஸீனா’.

இந்தக் குசினியை வைத்தே சி எழுத்தைப் படித்துவிடலாம். கொஸீனா என்பதில் சி இரண்டு தடவை வருகிறது. முதல் சி-க்குப் பின்னால் ஒ, அதனால் க. இரண்டாவதற்குப் பின்னால் இ, அதனால் ஸ. விதி இவ்வளவுதான்: எ, இ முன்னால் சி வந்தால் ஸ, மற்ற இடமெல்லாம் க. ஸெட் எழுத்து எங்கே வந்தாலும் அந்த ஸ-தான். ஆங்கிலத்தின் ஸெட் போல ரீங்காரம் இருக்காது.

ஆனால் வலென்சியா டீச்சர் ஸ என்று சொல்லவில்லை. நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை ஊதினார். ஸ்பெயினின் பெரும்பகுதியில் இந்தச் சி-யும் ஸெட்டும் அப்படித்தான். தென்கோடியில் பலரும், கனேரித் தீவுகளிலும், லத்தீன் அமெரிக்கா முழுவதிலும் வெறும் ஸ. ஊதுகிற ஒலி தமிழில் இல்லாததால் நம் காதில் அது த என்று விழும். ஒரு நாள் அவர் வாசலில் நின்று “உனா தாத்தா தே தே” என்று கேட்க, செத்துப்போன என் தாத்தாவை இவர் எதற்கு இழுக்கிறார் என்று நான் விழித்தேன். அவர் கேட்டது ஒரு கோப்பைத் தேத்தண்ணி. கோப்பை ‘தாஸா’, அந்த ஸ-வை ஊதிச் சொன்னதில் எனக்குத் தாத்தா ஆகிவிட்டது. என் கருத்து, நாம் ஸ சொல்வதே நல்லது. உலகத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் அதைத்தான் சொல்கிறார்கள், ஸ்பெயின்காரருக்கும் நன்றாகப் புரியும். ஊத வராமல் த போட்டு வைத்தால்தான் யாருக்கும் புரியாது. ‘உனா தாஸா தே தே’ என்பதையே பயிற்சி வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தே அது-வின் த. இரண்டாவது தேயிலையின் த.

எச் எழுத்துக்கு ஒலியே இல்லை. பெயர் மட்டும் ‘ஆச்சே’ என்று நீளமாக இருக்கும். வணக்கத்துக்கு எழுதுவது எச், ஓ, எல், ஏ, சொல்வது ‘ஒலா’. ஹொஸ்பிட்டலை நாம் ஆஸ்பத்திரி என்று எச்-ஐத் தொலைத்துச் சொல்வதில்லையா, அதே சங்கதி. அதனால் எங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்து ஸ்பெயின் கிழவர் ஒருவர் ‘அபுதாலே’ என்று படித்தார். ஹட்டன் அவருக்கு ‘அத்தோன்’. கண்டி ‘காந்தி’. ஸ்டேஷன் பலகைகளை இப்படி ஸ்பானிஷ்காரர் வாயால் படித்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த மிக நல்ல பயிற்சி. செலவில்லை, ரயிலில் போகும்போதே செய்யலாம். நானுஓயா மட்டும் மாறாமல் அப்படியே வரும்.

சரி, எல்ல. இதற்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். பலகையில் ஈ, எல், எல், ஏ என்று இருக்கிறது. ஸ்பானிஷில் இரண்டு எல் சேர்ந்தால் ல ஒலி போய் ய ஆகிவிடும். ஆக ‘எயா’. அந்தச் சொல்லுக்கு ‘அவள்’ என்று பொருளும் உண்டு. “த்ரென் ஆ எயா?” என்று ஒருவர் கேட்டபோது, என் மகன் அப்படி ஒரு ஸ்டேஷனே இல்லை என்று சத்தியம் செய்தான். பதுளையின் ஆங்கில எழுத்திலும் இரட்டை எல் இருப்பதால் அது ‘பதூயா’. பண்டாரவளையில் ஒற்றை எல்; அதனால் ல தப்பிக்கிறது. பிறகு ஆர்ஜென்டினாவிலிருந்து ஒரு பையனும் பெண்ணும் வந்தார்கள். அவர்கள் ‘எஷா’ என்றார்கள். புவெனோஸ் ஐரெஸ் பக்கத்தில் இரட்டை எல்லும், வை எழுத்தும் ஷ ஆகிவிடுகின்றன. வேறு சிலர் வாயில் அது ஜ-வை நெருங்கும். நாம் ய சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

ஜே எழுத்தை மட்டும் தப்பித் தவறியும் ஜ என்று சொல்லாதீர்கள். அதன் பெயர் ‘ஹோத்தா’, ஒலி தொண்டையிலிருந்து உரசி வரும் ஹ. ஸ்பெயினில் சளியைக் காறுவது போலக் கரகரப்பாக இருக்கும். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் மென்மை. மகனுக்கு ‘இஹோ’ என்பார்கள். எழுத்தில் எச், ஐ, ஜே, ஓ. எச் ஊமை, ஜே ஹ. இந்த ஒரு சொல்லைச் சரியாகப் படித்துவிட்டால் இரண்டு எழுத்தும் முடிந்தது. ஜீ எழுத்தும் எ, இ முன்னால் இதே ஹ-தான். மழை நாளில் இங்கே எல்லாரும் கேட்பது இஞ்சித் தேத்தண்ணி, இஞ்சி ‘ஹென்ஹீப்ரே’. அதில் முதல் ஹ ஜே-யால் வருவது, இரண்டாவது ஜீ-யால். எ, இ முன்னால் க ஒலியே வேண்டுமென்றால் நடுவில் ஒரு யூ எழுத்தைப் போடுவார்கள், அது பேசாது. ஊர் சுற்றிக் காட்டும் கைடு ‘கீயா’. எழுத்தில் ஜீ, யூ, ஐ, ஏ. கியூ எழுத்துக்குப் பின்னாலும் ஒரு ஊமை யூ வரும்: பாலாடைக்கட்டி ‘கேஸோ’.

பி-யும் வி-யும் ஒரே ஒலி. இதை நம்ப எனக்கு ஒரு வாரம் ஆனது. தொடக்கத்தில் பஸ்ஸின் ப. உயிரொலிகளுக்கு நடுவில் உதடு முழுதாக மூடாமல் ‘கோபம்’ என்பதன் ப போல இளகும். நாமே ‘பாங்கோ’வை வாங்கு ஆக்கினவர்கள்தானே, குறை சொல்ல முடியாது. எழுதும்போது எந்த எழுத்து என்று அவர்களுக்கே சந்தேகம் வரும். அப்போது ‘பார்ஸெலோனாவின் பே’, ‘வலென்சியாவின் ஊபே’ என்று ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள்.

ஆர் எழுத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளியில் சின்ன ர, பெரிய ற என்று படித்தோம். பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஸ்பானிஷில் ஒன்றாக்க முடியாது. சொல் நடுவில் ஒற்றை ஆர் வந்தால் நாக்கு ஒரு தட்டுத் தட்டும் ர. இரட்டை ஆர் வந்தாலோ, சொல்லின் முதலில் ஆர் வந்தாலோ, எல், என், எஸ் எழுத்துகளுக்குப் பின்னால் வந்தாலோ, நாக்கு பலமுறை அதிர வேண்டும். ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெர்ரோ’ என்றால் நாய். “அறை சின்னது, ஆனால் சுத்தமானது” என்று சொல்லப் போய், “அறை சின்னது, நாய் சுத்தமானது” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் மரியாதையாக நாயைத் தேடிப் பார்த்தார்கள். அதிர வைக்கும் வழி இது: நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் தளர்வாக வைத்து மூச்சைத் தள்ளுங்கள். நாக்கை நீங்களாக ஆட்டக் கூடாது, காற்றுதான் ஆட்ட வேண்டும். லயத்துக் கூரையில் ஆணி கழன்ற தகரம் காற்றில் படபடப்பதைக் கேட்டிருப்பீர்களே, அதே வேலைதான். ‘த்ரென், த்ரென்’ என்று தொடங்கி த்ர-வை நீட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் தானாகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு மூன்று மாதம் ஆனது. பேத்திக்கு ஒரு மத்தியானம்.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரே எழுத்து, என் தலையில் நெளிகோடு போட்டது. அது நம் ஞ. ஞாபகத்தின் ஞ, அச்சு அசல். அந்தக் காலத்தில் கையால் எழுதினவர்கள் இரண்டு என் எழுதுவதற்குப் பதில் ஒன்றை எழுதி, மற்றதைச் சின்னதாக மேலே ஏற்றிவிட்டார்களாம். அதுதான் அந்த நெளிவு. குழந்தை ‘நிஞோ’, நாளைக்கு ‘மஞானா’, அன்னாசி ‘பிஞா’, பாத்ரூம் ‘பாஞோ’. ரூம் வைத்திருக்கிறவர்கள் கடைசிச் சொல்லை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். வருடம் ‘ஆஞோ’. நெளிகோட்டை மறந்து ‘ஆனோ’ என்றால் அது உடம்பில் வெளியே சொல்லக் கூடாத ஓரிடம். வயதைச் சொல்லும்போது கவனம்.

மிச்ச எழுத்துகளில் தலைவலி இல்லை. எஸ் எப்போதும் ஸ. சி-யும் எச்-சும் சேர்ந்தால் பச்சையின் ச்ச. கே, டபிள்யூ வெளிச் சொற்களில்தான் வரும். வைஃபையை ஸ்பெயினில் ‘வீஃபி’ என்பார்கள். எக்ஸ் பெரும்பாலும் க்ஸ். மெக்சிகோ போன்ற சில பெயர்களில் மட்டும் அது ஹ, ‘மெஹிக்கோ’ என்று படிக்க வேண்டும்.

மொத்தம் 27 எழுத்து. பழைய புத்தகத்தில் 29 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். இரட்டை எல்லையும் சி-எச் சேர்க்கையையும் முன்பு தனி எழுத்தாக எண்ணினார்கள். 2010இல் ஸ்பானிஷ் மொழிக்கு விதி வகுக்கும் ரெயால் அகாதேமியா எஸ்பாஞோலா என்ற அமைப்பின் புதிய எழுத்து விதிகள் அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. வரிசை இது: அ, பே, ஸே, தே, எ, எஃபே, ஹே, ஆச்சே, இ, ஹோத்தா, கா, எலே, எமே, எனே, எஞே, ஒ, பே, கூ, எர்ரே, எஸ்ஸே, தே, ஊ, ஊபே, ஊபே தோப்லே, எக்கிஸ், யே, ஸேத்தா. முதல் பே பஸ், இரண்டாவது பே பால். முதல் தே பந்து, இரண்டாவது தேயிலை. ‘யே’யை வயதானவர்கள் ‘கிரேக்க இ’ என்ற பொருளில் ‘இ கிரியேகா’ என்பார்கள்.

அழுத்தம் எங்கே போடுவது என்பதற்கும் விதி உண்டு. சொல் உயிரொலியிலோ, என் அல்லது எஸ் எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்தின அசையில். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசி அசையில். இதை மீறும் சொல்லில், அழுத்த வேண்டிய உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இருக்கும். ‘பாபா’ என்று முதலில் அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு. சாய்கோடு போட்டு ‘பபா’ என்று கடைசியில் அழுத்தினால் அப்பா. இதில் ப இரண்டும் பாலின் ப.

எழுத்துப் பெயர்களைப் படிக்காமல் ஒலியை மட்டும் படித்தால் போதாதா என்று மகன் கேட்டான். போதாது. அறைப் பதிவுப் புத்தகத்தில் ஒருவர் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் ‘இ’ என்றபோதெல்லாம் நான் ஆங்கில ஈ-யை எழுதினேன், ‘எ’ என்றபோது ஏ-யை எழுதினேன். அவருடைய இ நம் ஐ; அவருடைய எ நம் ஈ. பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டபோது பெயர் வேறு யாருடையதோ ஆகியிருந்தது. இப்போது இந்த இரண்டுக்கும் கொப்பியின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் வைஃபை பாஸ்வேர்டையே இஞ்சி என்று மாற்றச் சொன்னேன். வருகிறவர்கள் கேட்டதும் குசினி வாசலில் நின்று சொல்வேன்: ஹோத்தா, எ, எனே, ஹே, இ, பே, எர்ரே, எ. முதல் ஆகஸ்டில் பாதிப் பேர் போனை என் கையில் கொடுத்து நீங்களே அடியுங்கள் என்றார்கள். போன ஆகஸ்டில் இரண்டே பேர்.